உடம்பு அலுப்பா, ஆள் அலுப்பா?

"அலுப்புன்னு எழுதியிருக்கீங்களே, உடம்பு அலுப்பா, ஆள் அலுப்பா?"

எண்ணெய் டீச்சர் என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவங்க கையில நான் நிரப்பிக் கொடுத்த படிவம். 'என்ன தொந்தரவு'ங்கிற இடத்துல ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். ரெண்டாவது வார்த்தைக்குத் தெம்பில்ல.

"புரியலையே."

"உடம்பு முடியாம அலுப்பா இருக்கா, இல்ல யாரையாவது பாத்துப் பாத்து அலுத்துப் போச்சா? ரெண்டுக்கும் எண்ணெய் வேற வேற."

பழைய ஆளா இருந்தா, எண்ணெய் தடவுறவங்க தடவிட்டு அனுப்புங்க, என் குடும்பக் கதை உங்களுக்கு எதுக்குன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேன். எனக்கு வாய் நீளம்னு சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். ஆனா கோபப்படவும் உடம்புல ஏதாவது மிச்சம் இருக்கணுமே. "உடம்புதான்"னு சொல்லிட்டு குப்புறப் படுத்தேன்.

டீச்சர்னு சொல்றது சும்மா இல்ல. ஒரு காலத்துல பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவங்க. இப்ப சாவி வெட்டுற கடைக்கு மேல, ரெண்டாவது மாடியில, ஒரே அறையில வாசனை எண்ணெய் மசாஜ் பண்றாங்க. விசில் ஊதின குரல் மட்டும் அப்படியே இருக்கு. "மூச்சை இழுங்க"ன்னா, கீழ சாவிக்காரரும் இழுப்பார்னு நினைக்கிறேன்.

கட்டில்ல மூஞ்சி வைக்க ஒரு ஓட்டை. அது வழியா பாத்தா டீச்சரோட காலும், மூலை உடைஞ்ச ஒரு தரைக்கல்லும் தெரியும். ஆறு வாரமும் நான் பாத்த காட்சி அதுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சின்னச் சின்ன பாட்டிலைத் திறந்து, காகிதத் துண்டுல ஒரு சொட்டு விட்டு மூக்குக்கிட்ட நீட்டினாங்க. லாவெண்டர், ஆரஞ்சுத் தோல், புதினா, இன்னும் ரெண்டு மூணு.

"எது பிடிச்சிருக்கு?"

"எதுவும் இல்ல."

"சரி, எது பிடிக்கல?"

"அதுவும் இல்ல."

பொய் இல்ல. வாசனையெல்லாம் வந்துச்சு. இது ஆரஞ்சு, இது புதினான்னு சொல்லவும் முடிஞ்சுது. அதுல எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்ல, அவ்வளவுதான். டீச்சரே ஆரஞ்சையும் லாவெண்டரையும் எடுத்து வெறும் எண்ணெயில கலந்துக்கிட்டாங்க.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். உங்க நோயை இது குணமாக்காது. குணமாக்கும்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. கழுத்து கொஞ்சம் இளகும், தூக்கம் கொஞ்சம் வரும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

அது மட்டும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

நான் பல் கட்டுறவ. டாக்டர் இல்ல. டாக்டர் வாயில அச்செடுத்து அனுப்புவார், நாங்க லேப்ல மெழுகுல பல்லை வரிசை வச்சு, அப்புறம் பிளாஸ்டிக்ல வார்த்து, தேய்ச்சு, பளபளன்னு செட்டா அனுப்புவோம். பன்னெண்டு வருஷம். பஸ்ல யாராவது பெரியவர் சிரிச்சா, நம்ம வேலையா இருக்குமோன்னு வாயையே பாத்துக்கிட்டிருப்பேன். அந்தப் பிளாஸ்டிக் மாவைக் குழைக்கிற திரவத்துக்கு ஒரு நெடி உண்டு, குளிச்சாலும் போகாது. என் பொண்ணு அதுக்குப் 'பல் வாசனை'ன்னு பேர் வச்சிருந்தா.

அவ பேரை விடுங்க, எல்லாருக்கும் அவ வாலு. பதினோரு வயசு. அவ அப்பா கதை தனி, அதைச் சொல்ல ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது.

ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு. போகும்போது என்னையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. பல் விளக்கினா பத்து நிமிஷம் படுக்கணும். ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கணும். தூங்கி எழுந்தா தூங்கினதுக்கான அடையாளமே இருக்காது. ரத்தம், சிறுநீர், படம், எல்லாம் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். நார்மல்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே அப்பல்லாம் பத்திக்கிட்டு வரும். நாலாவது டாக்டர்தான் இது நாள்பட்ட களைப்பு நோய், நிஜமான நோய்தான், பொறுமையா இருக்கணும்னு சொன்னார். நல்ல மனுஷன். ஆனா மருந்து இல்லன்னுட்டார்.

வாலுவைப் பாத்துக்க முடியல. அக்கா வந்து கூட்டிட்டுப் போனா. ஒரு மாசம்னு பேச்சு. பதினாலு மாசம் ஆச்சு.

அக்கா நல்லவ. நல்லது செய்வா, செஞ்சதைச் சொல்லியும் காட்டுவா, ரெண்டையும் ஒரே மூச்சுல பண்ணுவா. அவளுக்குக் குழந்தை இல்ல. அதை எங்க குடும்பத்துல யாரும் வாய்விட்டுப் பேசறதில்ல. மாமா வேலை விஷயமா பாதி நாள் வெளியூர். வீட்டுல அவளும் வாலுவும்தான்.

முதல்ல ஞாயித்துக்கிழமை தோறும் ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துட்டுப் போவாங்க. அவங்க போனதும் நான் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். அக்காதான், "கொஞ்ச நாளைக்குப் போன்லயே பேசிக்கடி, உடம்பு தேறட்டும்"ன்னா. அந்தக் கொஞ்ச நாளும் ஆறு மாசம் ஆச்சு. வீடியோவுல வாடின்னா வாலு வரமாட்டா. வெறும் போன்தான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"காலையில பெரிம்மா எழுப்பறாளா?"

"இல்ல. அலாரம் வச்சு நானே எழுந்துக்கறேன்."

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல. பெரிம்மாகிட்டத் தரவா?"

முன்னல்லாம் எப்பம்மா நான் வீட்டுக்கு வரதுன்னு ஒரு தடவையாவது கேப்பா. அது எப்ப நின்னுச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பழகிடுச்சு போலிருக்கு, நல்லதுதான்னு நினைச்சுக்கிட்டேன். போனை வச்சதும் அழுகை வரும்னு எதிர்பார்ப்பேன். வராது. உக்காந்த கால் மரத்துப் போனா கிள்ளிப் பாப்போமே, அது மாதிரி வாலுவோட பழைய போட்டோவை எடுத்து எடுத்துப் பாப்பேன். ஒண்ணும் ஆகாது. எடுத்த இடத்துலயே வச்சிடுவேன்.

இந்த மசாஜை ஏற்பாடு பண்ணினதும் அக்காதான். ஆறு வாரம், வியாழக்கிழமை வியாழக்கிழமை. சொல்ல வந்த அன்னைக்கு, கைப்பையிலேர்ந்து இன்னொரு காகிதத்தையும் எடுத்து மேஜையில வச்சா. அவ வீட்டுப் பக்கத்துல இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துல வாலுவைச் சேர்க்கிற படிவம். இதுவரைக்கும் வாலு பழைய பள்ளிக்கூடத்துக்குத்தான் அங்கேர்ந்து பஸ்ல போயிட்டிருந்தா. இதுல சேர்ந்தா படிப்பு முடியற வரைக்கும் அங்கதான். பாதுகாவலர்னு இருந்த இடத்துல அக்கா தன் பேரை எழுதியிருந்தா. தாய் கையெழுத்துங்கிற இடம் காலி.

"ஆறு வாரம் போய்ப் பாரு. எழுந்து நடமாடினா சந்தோஷம், உன் பொண்ணு உன்கிட்ட வந்துடட்டும். இல்லேன்னா அதுக்கு அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள், கையெழுத்தைப் போட்டுடு. பிள்ளைய எத்தனை நாள் அந்தரத்துல வச்சிருப்ப?"

அவ கேட்டதுல தப்பு ஒண்ணுமே இல்ல. அதுதான் கஷ்டம்.

"படிவம் உன்கிட்டயே இருக்கட்டும். நானே வந்து போடறேன்"னு சொன்னேன். சும்மா ஒரு வீம்பு. வீம்புன்னு ஒண்ணு இன்னும் மிச்சம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

ரெண்டாவது வியாழன், முதல் மாடித் திருப்பத்துல உக்காந்துட்டேன். கீழேர்ந்து சாவிக்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்தார். "இனிமே இது இங்கயே இருக்கட்டும். உங்க ஸ்டாப் இதுதான்"ன்னார். மூணாவது வாரம் கட்டில்லயே தூங்கி, எச்சில் ஒழுகி, டீச்சர் காலு மேல ஒரு சொட்டு. அவங்க காலைத் துடைச்சுக்கிட்டாங்க. நாலாவது வாரம் கழுத்து நிஜமாவே இளகிச்சு. ராத்திரி தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன். ஐயோ, பெரிய முன்னேற்றம்னு நினைச்சு வெள்ளிக்கிழமை வீட்டைப் பெருக்கினேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் படுக்கை.

அஞ்சாவது வாரம் நான் டீச்சரைக் கேட்டேன். "எனக்குப் பிள்ளையைக் கூட வச்சிக்கிற அளவுக்குத் தெம்பு வருமா?"

"எனக்குத் தெரியாதுங்க"ன்னாங்க.

ஆக, கையெழுத்துதான். முடிவாயிடுச்சுன்னதும் ஒரு நிம்மதி மாதிரி கூட இருந்துச்சு. லேப் முதலாளி தினம் ரெண்டு மணி நேர மெழுகு வேலையை வீட்டுக்கே அனுப்பறார், அதைப் பண்ணிக்கிட்டு, மிச்ச நேரம் படுத்துக்கிட்டு, இப்படியே இருந்துடலாம். யாருக்கும் தொந்தரவில்ல.

ஆறாவது வியாழன். கடைசி நாளாச்சேன்னோ என்னவோ டீச்சர் பேசிக்கிட்டே அமுக்கினாங்க.

"முதல் நாள் நான் அந்தக் கேள்வி கேட்டதும் உங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். ஏன் கேக்கறேன்னு சொல்லவா? நான் இதை ஆரம்பிச்ச புதுசுல ஒரு பெரியவர் வந்தார். வந்ததும், 'எனக்கு ரொம்ப அலுத்துப் போச்சும்மா'ன்னார். சரி, பாவம், ரெண்டு மாடி ஏறி வந்திருக்காரேன்னு ஒரு மணி நேரம் காலை அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். எழுந்து உக்காந்து சொல்றார், 'கால் நல்லாத்தான் இருக்கும்மா. எனக்கு அலுத்துப் போனது எங்க வீட்டு மாப்பிள்ளை. ஒரு வாரம்னு வந்தான், ரெண்டு வருஷமா கிளம்பல'ன்னு."

மூஞ்சி ஓட்டைக்குள்ள இருக்கும்போதே சிரிச்சுட்டேன். எத்தனையோ மாசத்துக்கப்புறம். சிரிச்சா வயித்துல எந்த இடம் வலிக்கும்னே மறந்து போயிருந்துச்சு.

சிரிப்பு பாதியில நின்னுடுச்சு.

வாலு கிளம்பின அன்னைக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு. அவ வாசக்கதவுகிட்ட தரையில உக்காந்திருந்தா. அக்கா பையைத் தூக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா. வாலு ஒரு காலை என் பக்கம் நீட்டி, "அம்மா, ஷூவை மாட்டி விடு"ன்னா. வழக்கமா நான்தான் மாட்டி விடுவேன், பத்து வயசுக் கழுதைக்கு என்ன செல்லம்னு திட்டிக்கிட்டே. அன்னைக்குக் குனிய முடியல. சுவத்துல சாஞ்சுக்கிட்டு அக்காகிட்ட சொன்னேன்: "அக்கா, எனக்கு அலுத்துப் போச்சு. இவளைக் கூட்டிட்டுப் போ."

வாலு நீட்டின காலை மடக்கி, தானே ஷூவை மாட்டிக்கிட்டா. பரவாயில்லையே, பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சேன்னு நினைச்சேன் நான். நல்லா நினைச்சேன் போங்க.

"என்னாச்சு? வலிக்குதா?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"இல்லங்க. வேற ஒண்ணு."

முதல் நாளே கேட்டாங்க இந்த அம்மா. காதுல விழுந்துச்சு, உள்ள போகல.

சனிக்கிழமை காலையில கிளம்பினேன். அக்காவுக்குச் சொல்லல. பஸ்ல நாப்பது நிமிஷம். கம்பியைப் பிடிச்சு நிக்க முடியாதுன்னு கண்டக்டர்கிட்ட வெக்கத்தை விட்டுச் சொல்லி ஒரு சீட்டு வாங்கினேன். என்ன சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். உடம்பு அலுப்புடி, உன்மேல இல்ல. உடம்பு அலுப்புடி, உன்மேல இல்ல.

கதவைத் திறந்தது வாலு. என் தோள் உயரம் வந்துட்டா. வாயைப் பிளந்து நின்னா, அதுல நான் பாத்தது பல்லை. என் தொழில் புத்தி. மேல வலது பக்கம் கோரைப்பல் விழுந்து, புதுப்பல் பாதி முளைச்சிருந்துச்சு. பாதி முளைக்கணும்னா பழசு விழுந்து மாசக்கணக்கா ஆகியிருக்கணும். ஊர்ல இருக்கிறவங்க பல்லுக்கெல்லாம் நான் கணக்கு வச்சிருக்கேன், என் பொண்ணு பல் விழுந்தது எனக்குத் தெரியல. அப்பதான் எனக்கு முதல் தடவையா எங்கயோ வலிச்சுது. சரியா எங்கன்னு சொல்லத் தெரியல, ஆனா வலிச்சுது.

"நீயா?"ன்னா வாலு. கிட்ட வந்து மோந்து பாத்தா. "என்னம்மா உன்மேல பல் வாசனையே இல்ல? மிட்டாய் வாசனை வருது."

"எண்ணெய்டி. தள்ளு, உக்காரணும்."

கூடத்து நாற்காலியில உக்காந்தேன். அக்கா சமையலறையிலேர்ந்து ஓடி வந்தா. "தனியாவா வந்த? உனக்கென்ன பைத்தியமா? கீழ விழுந்து கிழுந்து வச்சா யார் பாக்கறது?"ன்னு திட்டிக்கிட்டே தண்ணி கொண்டு வந்தா. அப்புறம் எதுக்கு வந்தேன்னு அவளுக்கே தோணியிருக்கணும். உள்ள போய்ப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துட்டு வந்து மேஜையில வச்சிட்டு, சமையலறைக்கே போயிட்டா. பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு.

"வாலு, இங்க வா. நீ இங்க வந்த அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்."

"அலுத்துப் போச்சுன்ன," உடனே சொன்னா. பதினாலு மாசமா நாக்கு நுனியிலயே வச்சிருந்திருக்கா. "நான் ஷூ மாட்டிக்கிட்டிருந்தேன்."

"அது உடம்பு அலுப்புடி. உன்மேல இல்ல."

சொல்லிட்டேன். வந்த வேலை முடிஞ்சுது. அவ யோசிச்சா. அவங்கப்பா மாதிரியே புருவத்தைச் சுளிச்சுக்கிட்டு யோசிச்சா.

"அப்ப அலுப்பா இருக்குன்னுதானே சொல்லணும்? அலுப்பா இருக்குன்னா உடம்பு. அலுத்துப் போச்சுன்னா ஆளு. நீ போச்சுன்னுதான் சொன்ன."

நல்லா மாட்டினேன். வாய் தவறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா நம்பவும் நம்பியிருப்பா, குழந்தைதானே. ஆனா அந்த அரைப்பல்லைப் பாத்துக்கிட்டே பொய் சொல்ல எனக்கு வரல.

"அன்னைக்கு எனக்கு எல்லாமே அலுத்துப் போச்சு. ஆஸ்பத்திரி, வீடு, என் உடம்பு, எல்லாம். நீ காலை நீட்டினப்ப நீயும்தான் அலுத்துப் போயிட்ட. கொஞ்ச நேரம். நிஜம் அதுதான்."

சமையலறையில பாத்திரச் சத்தம் நின்னுடுச்சு.

வாலு தரையைப் பாத்தா. கெடுத்துட்டேன், ஒழுங்கா ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்னு நினைச்சேன்.

"இப்ப?"ன்னு கேட்டா.

"இப்ப அலுப்பா இருக்கு."

அவ எழுந்து உள்ள போயிட்டா. சரி, இவ்வளவுதான்னு பேனாவை எடுத்தேன். மூடியைத் திறக்கக் கூட விரல்ல வலுவில்ல. ரெண்டு தடவை வழுக்கிச்சு. திறந்து, தாய் கையெழுத்துங்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, முதல் எழுத்தை வைக்கப் போனப்ப வாசக்கதவுகிட்ட ஒரு சத்தம். வாலு பள்ளிக்கூடப் பையை முதுகுல மாட்டிக்கிட்டு, தரையில உக்காந்து ஷூவை மாட்டிக்கிட்டிருந்தா.

அக்கா ஈரக் கையோட வெளிய வந்தா. "எங்கடி கிளம்பிட்ட?"

"அம்மாவுக்கு அலுப்பா இருக்கு பெரிம்மா. தனியா பஸ்ல போகக் கூடாது."

"போயிட்டு எப்ப வருவ?"

வாலு ஷூ பட்டையை இழுத்து இழுத்துச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா. அக்கா முகத்துல ஈயாடல. அவ என்னைப் பாத்தா, மேஜையில இருந்த படிவத்தைப் பாத்தா. எனக்கு அவளைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. பதினாலு மாசம் அவ ஓடி ஓடிச் செஞ்சதுக்கு நான் திருப்பிக் கொடுத்தது இதுதான். சந்தோஷமாவும் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

"அக்கா, என்னால முடியுமான்னு தெரியல"ன்னேன்.

"முடியாதுன்னுதான் எனக்குத் தெரியுமே"ன்னா. பட்டுன்னு உள்ள போனா. திரும்பி வந்தப்ப கையில அந்த அலாரம் கடிகாரம். அதை ஒரு துண்டுல சுத்தி வாலு பையில திணிச்சா. "காலையில உங்கம்மாவை எழுப்பாத. நீயே எழுந்துக்க. சாப்பாடு நான் கொண்டு வரேன். ஷூவை உள்ள கழட்டிப் போடாத, அவளால குனிஞ்சு எடுக்க முடியாது. என்ன, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

படிவத்தை எடுத்து நாலா மடிச்சா. எங்க வச்சான்னு நான் பாக்கல.

பஸ்ல ஜன்னல் சீட்டு வாலுவுக்கு. எவ்வளவோ பேசணும்னு நினைச்சேன். பல் எப்ப விழுந்துச்சு, எங்க விழுந்துச்சு, அதை என்ன பண்ணினன்னு கேக்கணும். ரெண்டாவது ஸ்டாப் தாண்டறதுக்குள்ள அவ தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன். அடுத்த மூணு நாள் எழுந்திருக்கப் போறதில்லன்னு உடம்பு அப்பவே சொல்லிடுச்சு.

யாரோ என் கையைப் பிடிச்சு உலுக்கினாங்க.

"எழுந்திரும்மா. நம்ம ஸ்டாப் வந்துடுச்சு."